எத்தனை இலை?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசப் போனால், அவர் முதலில் கூலியைப் பற்றிப் பேச மாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எத்தனை இலை விழும்?" என்றுதான் கேட்பார். முந்நூறு இலை என்றால் ஒரு கணக்கு. ஆயிரம் இலை என்றால் வேறு கணக்கு. அரிசி, பருப்பு, அடுப்பு, பரிமாறுகிற ஆள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கின்றன. அதைக் கேட்காமல் அடுப்பு மூட்டுகிற சமையற்காரரை இரண்டாம் முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சட்டம் செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வியை யார் கேட்பது? "ஐயா, இந்தச் சட்டம் வந்தால் கோர்ட்டில் எத்தனை வழக்கு வந்து விழும்? அவற்றை விசாரிக்க எத்தனை நீதிபதி வேண்டும்? எத்தனை குமாஸ்தா வேண்டும்? உட்கார எத்தனை கூடம் வேண்டும்?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு மசோதாவை நிறைவேற்றுவது நம் நாட்டில் வழக்கமே இல்லை. இதே கேள்வி டில்லியில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றில் இடம் பிடித்தது. அந்த வழக்கின் பெயரில் சேலம் இருக்கிறது. அதற்கு வருமுன், அதே ஜில்லாவிலுள்ள தம்மம்பட்டிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

சேலத்துக்குத் தென்கிழக்கே, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில், சுவேத நதியை ஒட்டி இருக்கிறது தம்மம்பட்டி. மரச் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். வாகை மரத்தில் பிள்ளையாரும் தசாவதாரமும் கோயில் வாகனமும் கதவு நிலையும் செதுக்குகிற குடும்பங்கள் அங்கே உண்டு. சில வருஷங்களுக்கு முன் வீட்டு வாசலுக்கு ஒரு கஜலட்சுமிப் பலகை சொல்லலாம் என்று போயிருந்தேன். விலை பேசி முடிந்தது. முன்பணத்துக்குச் செக்குப் புத்தகத்தை எடுத்தேன். சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"செக்கு மட்டும் வேண்டாமுங்க. காசாக் குடுங்க. இல்லாட்டி போன்லே போட்டுடுங்க."

"ஏன், செக்கு வாங்குவதில்லையா?"

"ஒரு செக்கு வாங்கி ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்துட்டனுங்க. போதும்."

கதை இதுதான். 2012இல் வடக்கே ஒரு பெரிய நகரத்து வியாபாரி இரண்டு ஆளுயரச் சிலைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். லாரியில் சரக்குப் போயிற்று. தபாலில் செக்கு வந்தது. பாங்கிக்குப் போன செக்கு, பணமில்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பதினைந்து நாள் பொறுத்தார். பிறகு வழக்குப் போட்டார். எந்த ஊர்க் கோர்ட்டு என்பது நமக்கு வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் கதை மாறியிருக்காது. வாய்தா, வாய்தா, மறுபடியும் வாய்தா. எதிரிக்குச் சம்மன் சேரவில்லை. நீதிபதி மாற்றலாகிப் போனார். புது நீதிபதி வர மூன்று மாதம். இப்படி இரண்டு வருஷம்.

2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. செக்குக் கொடுத்தவருடைய பாங்கி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் இப்படிப்பட்ட வழக்கை நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். சாட்சி விசாரணை தொடங்காத வழக்குகளெல்லாம் மனுதாரரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன. தம்மம்பட்டிச் சிற்பி தம் கட்டை வாங்கிக்கொண்டு, பாஷை தெரியாத ஊருக்கு ரெயில் ஏறினார். 2015இல் சட்டத்தையே திருத்தி, பணம் வரவேண்டியவருடைய பாங்கி இருக்கிற இடத்திலேயே வழக்கை நடத்தலாம் என்றார்கள். கட்டு மறுபடியும் தெற்கே வந்தது. இப்படி ஊர்விட்டு ஊர் போய்த் திரும்பிய கட்டுகள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்தன. கடைசியில் 2019இல் லோக் அதாலத்தில் ராஜி. அசலில் முக்கால் பங்கு கிடைத்தது. "சரின்னு வாங்கிட்டனுங்க. அந்த ஏழு வருஷத்தை யார் தரப்போறாங்க?" என்றார்.

இதில் நீதிபதியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வக்கீலைச் சொல்லவும் முடியவில்லை. பந்தியில் இடமில்லை என்றால் பரிமாறுகிறவன் என்ன செய்வான்? குற்றம் எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பழைய சரித்திரத்தைப் புரட்ட வேண்டும்.

1793இல் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் ஒரு புது நீதி முறையை ஏற்படுத்தினார். ஜில்லாவுக்கு ஒரு நீதிபதி. கலெக்டரின் கையில் இருந்த நீதி அதிகாரம் பிரிக்கப்பட்டது. ஏழைக்கும் கோர்ட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், வழக்குப் போடுவதற்கு இருந்த கட்டணத்தையும் எடுத்துவிட்டார். எண்ணம் நல்லதுதான். ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணவில்லை. இரண்டே வருஷத்தில் பர்த்வான் ஜில்லாவில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிவிட்டன. அன்றைய வேகத்தில் விசாரித்தால், வழக்குப் போட்டவன் தன் ஆயுட்காலத்துக்குள் தீர்ப்பைக் கேட்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதற்குக் கம்பெனியார் கண்ட மருந்து என்ன தெரியுமா? நீதிபதிகளைப் பெருக்கவில்லை. 1795இல் கட்டணத்தை மறுபடியும் கொண்டுவந்தார்கள். புது வழக்குக்கு மட்டுமல்ல. தேங்கிக் கிடந்த வழக்குகளுக்கும்! குறித்த காலத்துக்குள் கட்டணம் கட்டாதவன் வழக்குத் தள்ளுபடி. பணமில்லாதவனும் சேதி எட்டாதவனும் ஒரே வீச்சில் கழிந்து போனார்கள். பந்தி நிறைந்துவிட்டது என்று, உட்கார்ந்திருந்தவனையே இலையோடு எழுப்பி அனுப்பிய மாதிரி. யாருக்காகக் கதவைத் திறந்தார்களோ, அவன்தான் முதலில் வெளியே தள்ளப்பட்டான். எண்ணாமல் செய்த நன்மை இப்படித்தான் முடியும். அதன் சுமை கடைசியில் ஏழையின் தலையிலேயே வந்து இறங்கும்.

இந்த வங்காளத்து முறையைத்தான் பிறகு சென்னை ராஜதானியிலும் கொண்டுவந்து நட்டார்கள். அதை எதிர்த்து வாதாடியவர்களில் முக்கியமானவர் தாமஸ் மன்றோ. நம் சேலத்துக்காரர்களுக்கு அவர் அந்நியரல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தபோது, காப்டன் ரீடின் உதவியாளராக வந்து ஏழு வருஷம் இந்தச் சீமையில் நிலம் அளந்தவர் அவர். குடியானவனோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசிப் பழகியவர். நாலு மாடும் ஒரு கிணறும் உள்ளவன் பத்து ரூபாய்த் தகராறுக்காக நாற்பது மைல் நடந்து ஜில்லாக் கோர்ட்டில் காத்திருப்பது நடக்கிற காரியமா என்பது அவருடைய கேள்வி.

1814இல் நீதி முறையைத் திருத்துவதற்கான கமிஷனுக்குத் தலைவராக மன்றோ சென்னைக்குத் திரும்பி வந்தார். 1816இல் புதிய ரெகுலேஷன்கள் பிறந்தன. கிராமத்துத் தலைவரே முன்சீப் ஆனார். பத்து ரூபாய் வரையுள்ள சில்லறை வழக்குகளை ஊரிலேயே தீர்க்கலாம். கிராமப் பஞ்சாயத்துக்கும் ஜில்லா முன்சீப்புக்கும் தனித்தனி எல்லை வகுக்கப்பட்டது. "கிராம முன்சீப்" என்ற பெயர் 1980இல் அந்தப் பதவியை ஒழிக்கும் வரை நம் ஊர்களில் வழங்கி வந்ததல்லவா? அதன் பிறப்பு இதுதான். மன்றோவின் பஞ்சாயத்துகள் அவர் எதிர்பார்த்த அளவு செழிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் கையில் அதிகாரம் போனால் ஊர்ச் சிறியவருக்கு நியாயம் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்கும் இடமுண்டு. ஆனால் எங்கே எவ்வளவு வழக்கு எழும், அதை யார் எங்கே தீர்ப்பது என்று அவர் யோசித்தார். அந்த யோசனை முக்கியம்.

அதற்கப்புறம் நூற்றிருபது வருஷம் தாண்டி, மறுபடியும் சேலத்துக்கே வருகிறோம். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார் ராஜாஜி. சேலத்தில் 1900 முதல் வக்கீலாக இருந்தவர். சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்து, மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற பத்திரிகையை நடத்தியவர். பதவிக்கு வந்த மூன்றாம் மாதம், 1937 அக்டோபர் 1-ந் தேதி, மதுவிலக்குச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதிலும் அல்ல. சேலம் ஜில்லாவில் மட்டும். அன்றைய சேலம் ஜில்லாவில் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அடக்கம்.

"ஏன் சேலம் மட்டும்?" என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. இன்று யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. பெரிய பானைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிற காரியம் அது. கள்ளுக்கடை மூடியதால் குடும்பத்துச் செலவு எப்படி மாறிற்று, கடன் குறைந்ததா, அடுப்பு எரிந்ததா என்று பொருளாதார அறிஞர்கள் சேலத்துக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வட ஆற்காட்டுக்கும் சட்டம் விரிந்தது. கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். கஜானாவுக்குக் கணக்குப் பார்த்தார்கள். குடும்பத்துக்கும் கணக்குப் பார்த்தார்கள்.

கோர்ட்டுக்கு?

கள் இறக்கினால் வழக்கு, சாராயம் காய்ச்சினால் வழக்கு, குடித்தால் வழக்கு, ஒரு படி ஊறல் பானை வைத்திருந்தாலும் வழக்கு. முந்தைய நாள் வரை தொழிலாகவும் பழக்கமாகவும் இருந்தவை மறுநாள் குற்றம் ஆகிவிட்டன. குற்றம் என்றால் போலீஸ்காரர், சாட்சி, மாஜிஸ்டிரேட், ஜெயில் எல்லாம் உண்டு. இடையில் நின்றுபோன சட்டம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. "மதுவிலக்குக் கேஸ்" என்பது எந்த மாஜிஸ்டிரேட் கோர்ட்டிலும் தினசரிப் பாராயணம் ஆயிற்று. பின்னால் மதுவிலக்கே தளர்ந்து, 1983இல் டாஸ்மாக் தோன்றி, சர்க்காரே சரக்கு விற்கிற காலமும் வந்தது. ஆனால் 1937இன் சட்டம் இன்னும் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, சட்டசபை திருத்தியதும் தண்டனையைக் கூட்டியதும் அதே சட்டத்தைத்தான். ஒரு சட்டத்தின் ஆயுள் அதைச் செய்தவர்களுடைய ஆயுளைவிட நீளம். அது கோர்ட்டுக்கு வைக்கிற வேலையும் அவ்வளவு நீளம்.

ராஜாஜியின் இன்னொரு சட்டமும் நினைவுக்கு வருகிறது. 1938இன் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் விவசாயி வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 வரை ஏறிக் கிடந்த வட்டி பாக்கி தள்ளுபடி. அசலைக் கொடுத்தால் போதும். அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. மந்தத்தில் முழுகிக் கிடந்த குடியானவனுக்கு அது மூச்சு வாங்க இடம் கொடுத்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடனை யார் குறைத்துத் தருவது? கோர்ட்டுதான். ஏற்கெனவே டிக்ரி ஆன கடனுக்கும் கோர்ட்டில் மனுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். முடிந்துபோன கட்டுகள் அலமாரியிலிருந்து இறங்கின. அத்தோடு ஒரு புதிய கேள்வியும் பிறந்தது: யார் விவசாயி? வருமான வரி கட்டுகிறவர் சேரமாட்டார் என்பது போன்ற விலக்குகள் பல; ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு வாதம்; ஒவ்வொரு வாதத்துக்கும் ஓர் அப்பீல். பிராமிசரி நோட்டுக் கடனில் மாகாணச் சட்டசபை தலையிடலாமா என்ற தகராறு டில்லியில் பெடரல் கோர்ட்டு வரை போய், கடைசியில் சட்டம் பிழைத்தது. அந்தப் பெடரல் கோர்ட்டு ஏற்பட்டதும் அதே 1937 அக்டோபர் 1-ந் தேதி என்பது காலம் செய்த வேடிக்கை.

இவ்வளவும் சொன்னது சட்டங்களைக் குறை சொல்வதற்கல்ல. நல்ல சட்டந்தான் அதிக வழக்கைக் கொண்டுவரும். யாருக்கும் பயன்படாத சட்டத்தை யார் தேடிப் போகிறார்கள்? ஆகவே சட்டம் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு இலை அதிகம் விழும் என்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்போது நம் சிற்பியின் செக்குக்கு வரலாம். செல்லாத செக்குக் கொடுப்பது முன்பெல்லாம் சாதாரணக் கடன் பாக்கிதான். சிவில் வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபித்தால் மோசடி என்று வழக்குப் போடலாம், நிரூபிப்பது கஷ்டம். 1988இல் பார்லிமெண்ட் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவைச் சேர்த்தது. 1989 ஏப்ரல் 1 முதல், பணமில்லாமல் செக்குத் திரும்பினால் அது குற்றம். ஜெயிலும் உண்டு, செக்குத் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. செக்கின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வளர வேண்டும், வியாபாரம் பெருக வேண்டும் என்பது நோக்கம். 2002இல் திருத்தி, தண்டனையை இரண்டு வருஷமாக்கினார்கள். இந்த வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆறு மாதம் என்று எழுத ஒரு பேனா போதும். ஆறு மாதத்தில் முடிக்க ஆள் வேண்டும்.

அது எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாஜிஸ்டிரேட் வருஷத்தில் 240 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆசனத்தில் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72,000 நிமிஷம். ஒரு செக்கு வழக்குக்குப் பத்து அமர்வு, அமர்வுக்குப் பத்து நிமிஷம் என்றால் 100 நிமிஷம். வேறு எந்த வேலையும் பார்க்காமல் செக்கு வழக்கே கதியென்று இருந்தாலும் அவரால் வருஷத்தில் 720 வழக்குத்தான் முடிக்க முடியும். அவர் கோர்ட்டில் வருஷத்துக்கு 3,000 வழக்கு விழுந்தால்? ஒரு வருஷத்து வரவை முடிக்க நாலு வருஷத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் இன்னும் நாலு வருஷத்து வரவு வாசலில் நிற்கும். இந்தக் கணக்கைப் போடப் பெரிய கணித மேதை வேண்டாம். மளிகைக் கடைச் சிட்டை எழுதத் தெரிந்தால் போதும்.

நடந்ததும் அதுதான். 2019 டிசம்பர் முடிவில் நாடு முழுவதும் தேங்கியிருந்த குற்ற வழக்குகள் 2.31 கோடி, அவற்றில் 35.16 லட்சம் செக்கு வழக்குகள். கொலையும் கொள்ளையும் திருட்டும் அடிதடியும் அடங்கிய பெரிய மூட்டையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வந்த செக்குகள்! சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இதை எடுத்து விசாரித்து, 2021 ஏப்ரலில் வழிமுறைகள் சொல்லிற்று. அடுத்த வருஷம் ஐந்து ராஜ்யங்களில் பரீட்சார்த்தமாகத் தனிக் கோர்ட்டுகள் அமைக்கச் சொல்லிற்று. சட்டம் வந்து முப்பத்துமூன்று வருஷம் கழித்து அடுப்பு தேடுகிறோம்.

சேலத்தின் பெயர் கொண்ட வழக்கு இங்கேதான் வருகிறது. சிவில் வழக்கு நடைமுறைச் சட்டத்தை 1999இலும் 2002இலும் பார்லிமெண்ட் திருத்திற்று. தாமதத்தைக் குறைப்பதுதான் நோக்கம். எதிர்வாதம் இத்தனை நாளுக்குள், சாட்சியம் இந்த விதத்தில் என்று பல கட்டுத்திட்டங்கள். 2002 ஜூலை 1-ந் தேதி அவை அமலுக்கு வந்தன. சேலம் வக்கீல்கள் சங்கம் அவற்றை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு, திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டு, அவற்றை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கல்களை ஆராய நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவை ஏற்படுத்திற்று. வழக்கு ஒருவகையில் தோற்றதுதான். ஆனால் தோற்ற வழக்கின் வயிற்றில் ஒரு நல்ல பிள்ளை பிறந்தது.

2005 ஆகஸ்டு 2-ந் தேதி வந்த இரண்டாவது தீர்ப்பின் இறுதியில், அந்தக் குழு சொன்ன ஒரு யோசனை இடம்பெற்றது. மசோதா கொண்டுவரும்போது அதனால் ஆகும் செலவைக் காட்டும் நிதிக் குறிப்பு ஒன்றை இணைப்பது வழக்கம். அதிகாரிகளின் சம்பளம், கட்டடம், ஜீப்பு எல்லாம் அதில் இருக்கும். கோர்ட்டுச் செலவு மட்டும் இருக்காது. இனிமேல் அதையும் சேர்க்க வேண்டும். புதிய சட்டத்தால் எத்தனை சிவில் வழக்கு, எத்தனை கிரிமினல் வழக்கு எழும். எத்தனை கோர்ட்டு, எத்தனை நீதிபதி, எத்தனை சிப்பந்தி வேண்டும் என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். மத்திய சர்க்கார் செய்கிற சட்டத்தின் சுமையை ராஜ்ய சர்க்காரின் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமல்ல. ஐம்பது வருஷமாக நம் நாட்டில் எந்தச் சட்டசபையும் இந்த மதிப்பீட்டைச் செய்ததில்லை என்றும் குழு எடுத்துக் காட்டிற்று. மத்திய சர்க்கார் இதை ஆராய்ந்து நாலு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று கோர்ட்டு கட்டளையிட்டது.

இது புது யோசனை அல்ல. அமெரிக்காவில் 1970-களிலேயே தலைமை நீதிபதி வாரன் பர்கர் இதை வற்புறுத்தினார். பின்னால் அங்கே பெடரல் கோர்ட்டு நிர்வாகத்தில் இதற்கென்றே ஆட்களை வைத்து மசோதாக்களை எடைபோடத் தொடங்கினார்கள். நம் நாட்டில் அதே ஜகந்நாத ராவ் தலைமையில் இன்னொரு குழு அமைந்து, 2008இல் விரிவான அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போனது. மதிப்பீடு இன்றுவரை நிலையான வழக்கமாகவில்லை.

அதற்குச் சாட்சி பீகார். 2016இல் அங்கே கடுமையான மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1937இன் சேலத்தைப் போல ஒரு ஜில்லாவில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் ராஜ்யம் முழுவதற்கும் விரித்தார்கள். ஜாமீன் மனுக்கள் பாட்னா ஹைகோர்ட்டை நிறைத்தன. 2021 டிசம்பரில் விஜயவாடாவில் பேசிய அன்றைய தலைமை நீதிபதி ரமணா, முன்யோசனை இல்லாமல் சட்டம் செய்வதற்கு அதையே உதாரணமாகச் சொன்னார். அதற்கு முந்திய மாதம் டில்லியில் பேசியபோது அவர் எடுத்த உதாரணம் நம் 138-ஆம் பிரிவு. 2022இல் சுப்ரீம் கோர்ட்டு பீகார் சர்க்காரைப் பார்த்து, சட்டம் செய்வதற்கு முன் கோர்ட்டுகளின் மேல் அதன் விளைவு பற்றி ஏதாவது ஆய்வு செய்தீர்களா என்றே கேட்டுவிட்டது. அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, முதல் முறை குடித்துப் பிடிபட்டவன் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். எண்ணிப் பார்க்க ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரை சிறையில் கிடந்தவர்கள் அந்த எண்ணிக்கைக்குக் கட்டணம் கட்டினார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. "வழக்குப் பெருகும் என்று பயந்தால் எந்த நல்ல சட்டமும் வராதே! 2005இல் பெண்களை வீட்டுக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. லட்சம் பெண்கள் கோர்ட்டுக்கு வருவார்கள் என்று எண்ணிப் பார்த்து அதைக் கைவிட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கு என்பது பல சமயம் கைவிரிப்பதற்கு ஒரு சாக்கு என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் சமையற்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பது கல்யாணத்தை நிறுத்துவதற்கா? வந்தவர்கள் பசியோடு திரும்பக் கூடாது என்பதற்குத்தானே! லட்சம் பெண்கள் வருவார்கள் என்று தெரிந்தால், லட்சம் பேருக்கும் நியாயம் வழங்க நீதிபதிகளை நியமிக்க வேண்டும். அதுதான் அந்த எண்ணிக்கையின் பொருள். எண்ணாமல் சட்டம் செய்துவிட்டு, கோர்ட்டு வராந்தாவில் குழந்தையோடு நாலு வருஷம் நிற்க வைப்பது அவளுக்கு உரிமை கொடுத்ததாகுமா? பத்து லட்சம் ஜனங்களுக்கு 10.5 நீதிபதிதான் இருக்கிறார்கள், அதை 50 ஆக்க வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1987இல் சொல்லிற்று. அந்த ஐம்பதை நாம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கீழ்க் கோர்ட்டுகளில் நிற்கிற வழக்குகளோ நாலு கோடிக்கு மேல்.

எண்ணிப் பார்த்தால் சில சமயம் சட்டத்தின் உருவமே நல்லபடியாக மாறும். இது ஜெயிலுக்கு உரிய குற்றமா, அபராதத்தோடு போகிற தவறா என்ற யோசனை வரும். 2023இல் ஜன் விஸ்வாஸ் என்ற சட்டம் 42 சட்டங்களிலிருந்த 183 ஷரத்துகளைத் திருத்தி, சில்லறைத் தவறுகள் பலவற்றுக்கு இருந்த கிரிமினல் தண்டனையை எடுத்தது. முதலிலேயே யோசித்திருந்தால் பின்னால் எடுக்க வேண்டி வந்திராது. இந்த வழக்கைக் கோர்ட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா, மன்றோ நினைத்ததுபோல் ஊரோடு தீர்க்க வழியுண்டா என்ற யோசனையும் வரும். ராஜாஜி செய்ததுபோல் முதலில் ஒரு ஜில்லாவில் வைத்துப் பார்க்கலாமே என்றும் தோன்றும். இவையெல்லாம் எண்ணுகிறவனுக்குத்தான் தோன்றும்.

தம்மம்பட்டியில் சொல்லி வைத்த கஜலட்சுமிப் பலகை குறித்த தேதிக்கு வந்து சேர்ந்தது. மீதிப் பணத்தைப் போன் வழியாகவே அனுப்பினேன். சரக்கை ஏற்றுவதற்கு முன் பணம் வந்துவிட்டதா என்று சிற்பி இரண்டு முறை பார்த்துக்கொண்டாராம், லாரிக்காரர் சொன்னார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. செக்கின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றுதான் 1988இல் அந்தச் சட்டத்தைச் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை நம்பி ஏழு வருஷம் கோர்ட்டுப் படி ஏறிய மனிதர், இன்று செக்கைக் கண்டாலே கும்பிடு போடுகிறார்.